சும்மாதான் கூப்பிட்டேன்

   

'உறவில் மனத்துக்கு நிறைவு தருவது எதிர்பார்த்த வரவா, எதிர்பாராத விசாரிப்பா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் கல்யாணம், காதுகுத்து, தலைதீபாவளி, பொங்கல் சீர் என்று ஒரு பெரிய பந்தியே பரிமாறிவிட்டுப் போயிருக்கிறார். "நாள் குறிச்சு, பத்திரிகை வச்சு, வெத்தலை பாக்கு வச்சு அழைச்சு, அதுக்கு வர்றாங்க பாருங்க, அதுதாங்க உறவு" என்றார். நல்ல பேச்சு. நானும் கை தட்டினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் அம்மா. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று இப்போது சொல்லுங்கள், பார்ப்போம். முடியாது. மொய் நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். (சிரிப்பு) ஆனால் யார் யார் வரவில்லை என்று கேளுங்கள். இருபது வருஷம் ஆனாலும் நோட்டு இல்லாமல் மனப்பாடமாகச் சொல்லுவோம்! "எங்க பெரிய மாமா வரல. அன்னைக்கு நெல்லு அவிக்கணும்னு காரணம் சொன்னாரு." (கைதட்டல்)

இங்கேதான் ஐயா விஷயம் இருக்கிறது. வர வேண்டியவர் வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. வராவிட்டால் பாக்கி நிற்கிறது. நேரான கணக்கை யாரும் நினைவில் வைப்பதில்லை, பாக்கியைத்தான் வைப்போம். கணக்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு இல்லாமல் ஊர் நடக்காது. ஒரு குடும்பத்துக்குப் பெரிய செலவு வரும்போது ஊரே கூடித் தூக்கிவிடுவதற்கு வைத்த ஏற்பாடுதான் மொய். ஆனால் எந்த நோட்டிலும் ஏறாத வரவு என்று ஒன்று இருக்கிறதே, அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

எனக்குத் தெரிந்த டிரில் மாஸ்டர் ஒருவர். ஓய்வுபெற்று ரொம்ப நாளாகிறது. பள்ளிக்கூடத்தில் அவர் விசில் அடித்தால் வேப்பமரத்துக் காக்கா பறக்கும். அப்படிப்பட்ட மனிதர் இப்போது திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் வாசலில் ஒரு லாரி நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்து, "சார், வணக்கம்" என்றார். பழைய மாணவர், லாரி ஓட்டுகிறார். "இந்தப் பக்கமா லோடு ஏத்திட்டுப் போறேன் சார். சும்மா உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

மாஸ்டர் நம்பவில்லை. காபி வரச் சொன்னார். 'இவன் எதுக்கோ வந்திருக்கான், ஒண்ணு கைமாத்து கேப்பான், இல்லேன்னா பையனுக்கு சிபாரிசு கேப்பான்' என்று காத்திருந்தார். காபி குடித்தாகிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். இப்போது கேட்பான் என்று பார்த்தார். அவர், "வரேன் சார், உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான் ஐயா நடந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை மாஸ்டர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? என்னிடமே மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது குரல் கம்மும். "ஒண்ணுமே கேக்கலய்யா அவன். சும்மா வந்தான்யா."

'சும்மா' என்ற இந்தச் சொல்லைக் கவனியுங்கள். குழந்தை அழுதால் 'சும்மா இரு' என்கிறோம். வேலை இல்லாதவரைச் 'சும்மா இருக்கார்' என்கிறோம். காசு கொடுக்காமல் கிடைத்ததைச் 'சும்மா கிடைச்சது' என்கிறோம். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் 'சும்மா சொன்னேன்' என்று தப்பிக்கிறோம். (சிரிப்பு) ஞானிகளோ சும்மா இருப்பதையே சுகம் என்று தேடிப் போனார்கள். இத்தனை பொருள் உள்ள சொல்லுக்கு, ஒருவர் வாசலில் வந்து நின்று 'சும்மா வந்தேன்' என்று சொல்லும்போது என்ன பொருள்? உன்னால் எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. உன் நினைப்பு வந்தது, அதனால் வந்தேன் என்று பொருள்.

நம் மொழிக்கே இந்த அருமை தெரிந்திருக்கிறது. 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் சாப்பாடு அல்ல; புதுமை. தொல்காப்பியர் செய்யுளுக்குச் சொன்ன எட்டு வனப்புகளில் விருந்து என்று ஒன்று உண்டு. புதிதாகப் பாடுவதைக் குறிப்பது அது. வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்து. பிறகுதான் அவருக்குப் போட்ட சோறு விருந்தாயிற்று. இப்போது வந்தவரை மறந்துவிட்டு பிரியாணியை மட்டும் விருந்து என்கிறோம். வடமொழியில் 'அதிதி' என்பார்கள். திதி பார்க்காமல், நாள் சொல்லாமல் வருகிறவர் என்று அதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். இன்றைக்கும் முற்றத்தில் காக்கை கத்தினால் "யாரோ விருந்தாளி வரப் போறாங்க" என்று சொல்லுகிற பாட்டி இருக்கிறார். குறுந்தொகையில் 210-ஆவது பாட்டு அந்தக் காக்கையைப் பற்றித்தான். அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொல்லாமல் வருகிறவர்மேல் எவ்வளவு ஆசை இருந்திருந்தால், சேதி சொல்ல ஒரு பறவையை நியமித்திருப்பார்கள்!

சரி, இது இலக்கியம். 'புரொபசர் பழங்கதை பேசுறார்' என்று எதிரணியில் ஒருவர் சிரிக்கிறார். புதிய கதையே சொல்கிறேன்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பெகி லியு என்று ஒரு பேராசிரியை. அவரும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 சோதனைகள், கலந்துகொண்டவர்கள் 5,900 பேருக்கு மேல். அதில் ஒரு சோதனையைச் சொல்கிறேன். கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டு, 'கொஞ்ச நாளாகத் தொடர்பு இல்லாத ஒருவருக்கு நலம் விசாரித்து நாலு வரி எழுது' என்றார்கள். எழுதினார்கள். 'இதைப் பார்த்து அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறாய்? மதிப்பெண் போடு' என்றார்கள். போட்டார்கள். பிறகு அந்தச் சீட்டைக் கொண்டுபோய் உரியவரிடம் கொடுத்து, 'உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்? நீங்களும் மதிப்பெண் போடுங்கள்' என்றார்கள்.

எழுதியவர் போட்ட மதிப்பெண்ணைவிட, வாங்கியவர் போட்ட மதிப்பெண் அதிகம். சீட்டோடு சின்னதாக ஒரு பரிசை வைத்துக் கொடுத்தும் பார்த்தார்கள். அப்போதும் அப்படித்தான். எவ்வளவுக்கெவ்வளவு எதிர்பாராததோ, அவ்வளவுக்கவ்வளவு இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. இன்னொன்றும் கண்டார்கள். ரொம்ப நெருங்கிய நண்பரிடம் இந்தக் கணக்கு அவ்வளவாகத் தப்புவதில்லை. கொஞ்சம் தூரத்துப் பழக்கத்தில்தான் மிகவும் தப்புகிறது. அதாவது, பழைய அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் இருந்தவர், முன்பு குடியிருந்த தெருவில் எதிர்வீட்டு அக்கா, கூடப் படித்தவன், ஒன்றுவிட்ட சித்தப்பா மகன், இவர்களையெல்லாம் 'நாம கூப்பிட்டா அவங்களுக்கு என்ன பெரிய சந்தோஷம்' என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அங்கேதான் சந்தோஷம் கூடுதலாகக் காத்திருக்கிறது.

ஏன் கணக்குத் தப்புகிறது? கூப்பிடப் போகிறவர் எதைப் பார்க்கிறார்? தன்னைப் பார்க்கிறார். என்ன சொல்லி ஆரம்பிப்பது, இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது, அவர் வேலையாக இருப்பாரோ, இப்போது நம்மை ஞாபகம் இருக்குமோ. கூப்பிடப்பட்டவர் எதைப் பார்க்கிறார்? அவருக்கு உங்கள் வாசகம் முக்கியமே இல்லை. 'அட, இவனா! இவனுக்கு என் நினைப்பு வந்திருக்கே!' என்ற திடுக்கிடல்தான் அவருக்கு முன்னால் நிற்கிறது. அந்தத் திடுக்கிடல் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஏனென்றால் உங்களுக்கு அது திடீர் அல்ல. நீங்கள் மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்! (சிரிப்பு)

2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு பேராசிரியர்கள் நன்றிக் கடிதங்களை வைத்து இதே மாதிரி ஆராய்ந்தார்கள். எழுதுகிறவர் 'சரியாக எழுதினேனா' என்று கவலைப்படுகிறார். வாங்குகிறவர் அதில் இருக்கிற அன்பைத்தான் பார்க்கிறார் என்று சொன்னார்கள். அதே இருவர், எழுதுவதைவிடக் குரலில் பேசினால் நெருக்கம் கூடுகிறது, பயந்த மாதிரி சங்கடமும் வருவதில்லை என்று பிறகு காட்டினார்கள். விரித்தால் நேரம் போதாது, மேலே போகிறேன்.

அமெரிக்காக்காரனுக்குச் சரி, நம்ம ஊருக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். நம்ம ஊரில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. அங்கே சந்தோஷப்பட்டால் 'நன்றி' என்பார்கள். இங்கே சந்தோஷப்பட்டால் திட்டுவார்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

ரொம்ப நாள் கழித்து அத்தை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். "வாப்பா" என்று முதல் வார்த்தை வராது. "என்ன, வழி தவறி வந்துட்டியா?" என்று வரும். மாமா உள்ளேயிருந்து, "அதான் காலையிலேருந்து மானம் மூடிக்கிட்டு இருக்கு, மழை வரும்போல" என்பார். "எங்க ஞாபகமெல்லாம் உனக்கு எங்கே இருக்கப் போவுது, நீ பெரிய மனுஷன்" என்று அடுத்த அடி விழும். புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளை, உடன் வந்த மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்: 'உங்க அத்தைக்கு நாம வந்தது பிடிக்கல போலிருக்கே?' அவள் சிரிப்பாள். அவளுக்குத் தெரியும். அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே அடுப்பில் உலை வைத்துவிட்டாள். "இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்ற ஆணை பின்னாலேயே வருகிறது.

இந்தத் திட்டு என்ன சொல்கிறது? 'நீ வர மாட்டாயா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்' என்கிறது. எதிர்பார்க்காமல் இருந்தவர் இப்படிப் பேச முடியாது. எதிர்பார்த்து, எதிர்பார்த்து, விட்டுவிட்டவர்தான் பேசுவார். பிட்ஸ்பர்க் அம்மையார் நம்ம ஊரில் வந்து சோதனை செய்தால், மதிப்பெண் தாளில் 'எத்தனை நிமிடம் திட்டினார்' என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான சிபாரிசு. ஆனால் தொலைபேசியில் ஒரு ஆபத்து உண்டு. உலை வைப்பது தொலைபேசியில் தெரியாது. திட்டு மட்டும்தான் கேட்கும். அதனாலேயே, ஒருமுறை கூப்பிட்டுத் திட்டு வாங்கியவன் அடுத்த முறை கூப்பிடத் தயங்குகிறான். அத்தையும், 'போன வருஷம் ஒருதரம் பேசினான், அதோட சரி' என்று காத்திருக்கிறாள்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் பிசிராந்தையாரைக் கொண்டு வந்தார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, 'ஆந்தை வருவான், அவனுக்கு இடம் விட்டு வையுங்கள்' என்றான், சொன்னபடி வந்தார், ஆகவே எதிர்பார்த்த வரவுதான் பெரிது என்றார். ஐயா, அந்தக் கதையில் சோழன் ஒருவன்தான் எதிர்பார்த்தான். சுற்றியிருந்த சான்றோர்கள் நம்பவில்லை. பாண்டிய நாட்டுக்காரர், முகம் பார்த்துப் பழகாதவர், அவராவது வருவதாவது என்று நினைத்தார்கள். வந்து நின்றதும் வியந்து போனார்கள். பொத்தியார் அந்த வியப்பைப் பாட்டாகவே பாடிவிட்டார். அதனால்தான் அது புறநானூற்றில் நமக்குக் கிடைத்திருக்கிறது. அழைப்பிதழ் கொடுத்து வந்த மன்னர்கள் எத்தனை பேரோ! பாட்டு இந்த வரவுக்குத்தான். சோழனுக்கு இருந்த நெஞ்சுறுதி நமக்கு இல்லை. நாம் யாருக்காவது இடம் விட்டு வைத்திருக்கிறோமா? 'யார் வரப் போகிறார்கள்' என்று அந்த நாற்காலியிலும் துணியை மடித்துப் போட்டிருக்கிறோம். (சிரிப்பு)

நியாயமாகப் பேச வேண்டும். எதிரணி சொன்ன ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எதிர்பாராத செய்தி என்றாலே நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. தபால்காரர் 'தந்தி' என்று குரல் கொடுத்தால், பிரிப்பதற்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள். 'வேலை கிடைத்தது' என்று வந்த தந்திக்கும் அழுத வீடுகள் உண்டு. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று. பயம் நிற்கவில்லை, அது செல்போனுக்குக் குடிவந்துவிட்டது. நேரம் கெட்ட நேரத்தில் ஊரிலிருந்து மணி அடித்தால், 'ஹலோ' சொல்வதற்கு முன்னால் 'யாருக்கு என்ன ஆச்சு?' என்றுதான் வருகிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது. பத்து வருஷம் பேசாத நண்பன் திடீரென்று கூப்பிட்டு, ரொம்ப அன்பாகக் குழந்தைகள் பெயரெல்லாம் கேட்கிறான். நமக்கு நெஞ்சு நெகிழ்கிறது. ஐந்தாவது நிமிஷம், "மச்சான், ஒரு சின்ன பிசினஸ் வாய்ப்பு, நீ நாலு பேரைச் சேர்த்துவிட்டா போதும்" என்கிறான்! (பலத்த சிரிப்பு) இவன் ஒருவன் செய்த பாவத்தால், உண்மையிலேயே சும்மா கூப்பிடுகிற நாலு பேருக்குக் கெட்ட பெயர். எடுக்கிறவர் சந்தேகப்படுவாரோ என்று கூப்பிடுகிறவரும் சுருங்கிப் போகிறார்.

இந்தச் சுருக்கத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்து லாரா ஆக்னின், இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் இருவரும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு. தொடர்பு விட்டுப்போன நண்பர் ஒருவரை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரோடு பேச ஆசை இருக்க வேண்டும், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும், அவருடைய முகவரியோ எண்ணோ கையில் இருக்க வேண்டும். எல்லாம் இருக்கிறது. 'இப்போதே ஒரு செய்தி எழுது, அனுப்பு' என்று நேரமும் கொடுத்தார்கள். எத்தனை பேர் அனுப்பினார்கள்? மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். பழைய நண்பரோடு பேசுவதற்கு இருந்த தயக்கம், முன்பின் தெரியாதவரோடு பேசுவதற்கு இருந்த தயக்கத்துக்குச் சமமாக இருந்ததாம். காலம் போகப் போக நண்பரே அந்நியர்போல ஆகிவிடுகிறார். எனக்கு இந்த இடம் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

நடுவர் அவர்களே, இதுவரைக்கும் சந்தோஷத்தைப் பற்றிப் பேசினேன். 'ஒரு போன் வராவிட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று' என்று கேட்கலாம். சில பேருக்கு முழுகிப் போகிறது ஐயா. குழந்தைகளும் கேட்டுக்கொண்டிருக்கிற சபை, நிதானமாகச் சொல்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் போர்முனையில் இருந்தபோது தமக்கு வந்த கடிதங்கள் தம் மனத்தை எப்படித் தாங்கின என்பது அவருக்கு மறக்கவில்லை. 1969 முதல் சில ஆண்டுகள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடோ கடுமையான மனச்சோர்வோடோ மருத்துவமனையில் சேர்ந்து வெளியே போனவர்களை அவர் குழு கவனித்தது. அவர்களில் 843 பேர், 'இனிமேல் சிகிச்சை வேண்டாம்' என்று போய்விட்டவர்கள். யாரும் தங்களைத் தேட மாட்டார்கள் என்று இருந்தவர்கள். அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை அப்படியே விட்டார்கள். மறு பாதிக்குக் கடிதம் போட்டார்கள்.

என்ன கடிதம்? மருந்து சாப்பிடு என்று இல்லை. வந்து பார் என்று இல்லை. அறிவுரை இல்லை. நீங்கள் இங்கிருந்து போய்க் கொஞ்ச நாளாயிற்று, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற பொருளில் இரண்டு மூன்று வரி. அவர்களை மருத்துவமனையில் சந்தித்துப் பேசியவரே கையெழுத்துப் போடுவார். முதலில் மாதம் ஒன்று, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று; ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 24 கடிதம். கடிதம் வந்தவர்களிடையே தற்கொலை குறைந்திருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த வேறுபாடு தெளிவாகவே இருந்தது. முடிவுகளை 2001-இல் விரிவாக வெளியிட்டார்கள். ஒன்றும் கேட்காத கடிதம் அது என்பதைக் கவனியுங்கள். நம்முடைய 'சும்மா' அது!

அமெரிக்காவை விடுங்கள், நம் சென்னைக்கே வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பிரேசிலில் கம்பினாஸ், ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங், இலங்கையில் கொழும்பு, இந்தியாவில் சென்னை. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்து பிழைத்த 1,867 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதியினருக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு. பிறகு 18 மாதத்தில் 9 தடவை தொலைபேசியிலோ நேரிலோ போய் விசாரிப்பு. 2008-இல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 மாதத்துக்குள் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஆயிரம் பேருக்கு 22 எங்கே, 2 எங்கே! (நீண்ட கைதட்டல்)

எதிரணி குறுக்கே வருவார்கள்: 'அது நாள் வைத்துப் போன விசாரிப்புத்தானே, எதிர்பார்த்ததுதானே?' நியாயமான கேள்வி. முற்றிலும் எதிர்பாராதது என்று நான் சாதிக்க மாட்டேன். எல்லா ஊரிலும் எல்லாருக்கும் இதே பலன் வந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன்; மருந்தும் மருத்துவரும் வேண்டியவர்களுக்கு அவை வேண்டும். ஆனால் 'நம்மை யாரும் கேட்க மாட்டார்கள்' என்று முடிவு கட்டிவிட்ட ஒரு மனத்துக்கு, எந்த விசாரிப்பும் எதிர்பாராத விசாரிப்புத்தான். சென்னையில் சிநேகா என்ற அமைப்பு 1986 முதல் இத்தகையவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே அவர்களாகக் கூப்பிட வேண்டும். கூப்பிடவும் தெம்பில்லாதவரை நாம்தான் கூப்பிட வேண்டும். அவர் யார் என்று அவர் நெற்றியில் எழுதியிருக்காது. அந்த டிரில் மாஸ்டரைப் போலத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

இதற்காகத் தினமும் காலையில் தாமரைப்பூவும் சூரியனும் போட்டு 'இனிய காலை வணக்கம்' என்று வாட்ஸ்அப்பில் இருநூறு பேருக்குத் தள்ளுவது விசாரிப்பு ஆகாது. அது தனக்கு மட்டும் வந்தது அல்ல என்று வாங்குகிறவருக்குத் தெரியும். உன் பெயர் சொல்லி, உனக்கு என்று வந்தால்தான் அந்தத் திடுக்கிடல் வரும். அதேபோல, மனம் நொந்து 'என்னை விட்டுவிடு' என்று விலகிப் போனவரை, ஆய்வு சொல்லிவிட்டது என்று துரத்தக் கூடாது. அவர் கதவு அவருடையது.

மணி மேல் நடுவர் கை வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் ஐயா.

தயக்கத்துக்கு அந்த ஆக்னின் அம்மையாரும் சாண்ட்ஸ்ட்ராம் அம்மையாரும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பழைய நண்பருக்கு எழுதுவதற்கு முன்னால் மூன்று நிமிஷம், இப்போது பழக்கத்தில் இருக்கிற நண்பர்களுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார்கள். கை பழகிற்று. அதற்குப் பிறகு பழைய நண்பருக்கு அனுப்பியவர்கள் பாதிக்கும் மேல். ஓடுவதற்கு முன்னால் டிரில் மாஸ்டர் கை காலை உதறச் சொல்வாரே, அந்த மாதிரிதான்.

அதற்கு மேல் நம்ம ஊருக்கு என்று நான் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். எதிர்முனையில் எடுத்தவுடன், 'எப்படி இருக்கே' என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்குள் அங்கே நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும். முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "பயப்படாதீங்க அத்தே, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். ஒண்ணும் விசேஷம் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்." பிறகு திட்டு வரும். அது முடிகிறவரை போனைக் காதிலிருந்து எடுக்காதீர்கள்.

(கைதட்டல்)